அரைக் கிலோ: உடைந்த காலின் மிச்ச ஆயுசு

மணலி எம்.எஃப்.எல். சிக்னல். ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் கன்டெய்னர் டிரைலர்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நகர்கின்றன. உள்ளே திரும்பும் தெருமுனையில் ஒரு காயலான் கடை. இரும்புத் துண்டும் பழைய பேப்பரும் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசின் மேல் இப்போது ஒரு நீலநிற டப். டப்புக்குள் வெள்ளை முடி புசுபுசுவென்று ஒரு சின்ன நாய், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறது. கடைக்காரர் முதலில் டப்பை மட்டும் நிறுத்து வைத்திருந்தார். அதைக் கழித்தால் 7 கிலோ 700 கிராம். நாயைத் தூக்கி வந்த அம்மாள் கையில் ஒரு மருத்துவச் சீட்டு. வலது முன்னங்காலில் பிளேட் வைத்து, கட்டுப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அதில் எழுதிய எடை 6 கிலோ 200.

இந்தக் காட்சிக்குப் பெயரும் கதவு எண்ணும் வேண்டாம். மணலியிலும் சின்னசேக்காட்டிலும் மாத்தூரிலும் நாய் வளர்க்கும் எத்தனையோ வீடுகளின் நிலவரம் இதுதான். கால் உடைந்தபோது கடன் வாங்கி வைத்தியம் பார்த்தவர்கள். ராத்திரி தூங்காமல் பக்கத்தில் படுத்தவர்கள். அதே வீட்டின் அடுப்பங்கரையில்தான் அந்தக் காலுக்கு அடுத்த ஆபத்து தயாராகிறது. யாருக்கும் அது ஆபத்து என்று தெரிவதில்லை. அது பாசமாகத்தான் தெரிகிறது.

கால் உடைவது இரண்டு வழிகளில்

வடசென்னையில் முதல் வழி சாலை. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, சாத்தாங்காடு இரும்புச் சந்தை, எண்ணூர்த் துறைமுகம் என்று எல்லாத் திசைக்கும் கனரக வண்டி ஓடும் ஊரில், கதவு திறந்த நொடியில் வெளியே பாயும் நாய்க்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழந்தையின் கையிலிருந்து நழுவுவது, கட்டிலிலிருந்து குதிப்பது, பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து போகும்போது தாவிவிடுவது. சின்ன ஜாதி நாய்களுக்கு முன்னங்கால் எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மெல்லியது. அந்த இடத்தில் சதை மூடாக்கும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் மாவுக்கட்டு மட்டும் போட்டால் எலும்பு சேராமல் போவதும், கோணலாகச் சேருவதும் இந்தச் சின்ன நாய்களில் அதிகம். பிளேட் வைக்கச் சொல்லி மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மனிதருக்குப் போடுவதுபோல் நாட்டுக் கட்டைப் போட்டு மூங்கில் பத்தையால் இறுக்கிவிட்டால், ரத்தம் தடைப்பட்டு காலையே இழக்க நேரிடலாம்.

1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு இன்றும் அது 'மாட்டாஸ்பத்திரி'. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மணலிக்கு அடுத்த மாதவரம் பால்பண்ணையில். எலும்பைச் சேர்க்கும் வித்தைக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. பஞ்சம் அதற்குப் பிந்தைய கவனத்துக்குத்தான்.

2016 ஜூலையில் சென்னைப் புறநகரில் ஒரு மருத்துவ மாணவர் மொட்டைமாடியிலிருந்து ஒரு பெண் நாய்க்குட்டியைத் தூக்கி வீச, நண்பர் அதை வீடியோ எடுத்தது நினைவிருக்கலாம். சில நாள் கழித்துக் காயத்தோடு உயிருடன் கண்டெடுக்கப்பட்ட அந்த நாய்க்கு பத்ரா என்று பெயர் வைத்தார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய்தான் என்பது பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது. நாடே கொதித்தது, கொதித்தது சரியே. ஆனால் அடிபட்ட ஒரு நாய்க்கு நம் கண்ணீர் நிற்பது காயம் ஆறும் நாளோடு. அதற்குப் பிறகு அது வாழப்போகும் பத்து வருஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"பாவம், கால் உடைஞ்ச புள்ள…"

கட்டுப் போட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் நாய் அடைபட்டுக் கிடக்கிறது. ஓட்டமில்லை, படியேற்றமில்லை. செலவாகும் சக்தி குறைந்துவிட்டது. தட்டில் விழும் சோறு மட்டும் கூடுகிறது. எலும்பு சேரட்டும் என்று ஆட்டுக்கால் சூப், தெம்பு வரட்டும் என்று ஈரல், மாத்திரையை மறைத்துக் கொடுக்க பன், வலியில் முனகினால் சமாதானத்துக்கு பிஸ்கட். கருத்தடை அறுவையும் நடந்திருந்தால் உடம்பின் தேவை இன்னும் கால் பங்கு வரை குறையலாம். இது யாருக்கும் சொல்லப்படுவதில்லை, அல்லது சொன்னது காதில் ஏறுவதில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் அந்த 'நோயாளிச் சாப்பாடு' நிற்பதில்லை. ஆயா ஒரு வாய், தாத்தா ஒரு வாய், டியூஷன் முடிந்து வரும் பையன் ஒரு பிஸ்கட், தெருமுனை டீக்கடையில் ஒரு பொறை. ஒவ்வொருவரும் கொடுப்பது கொஞ்சம்தான். நாய் அத்தனையையும் கூட்டிச் சாப்பிடுகிறது.

கால்சியம் டானிக்கும் இதோடு சேர்த்தி. வெறும் கறியும் சோறும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் குறைந்து எலும்பு மெலிவது உண்மை. அதற்கு மருத்துவர் அளவு சொல்லிக் கொடுப்பார். எலும்பு சேர்ந்து முடிந்த வளர்ந்த நாய்க்கு மருந்துக்கடை பாட்டிலை வருஷக்கணக்கில் ஊற்றுவதால் கால் பலப்படாது.

எந்த அட்டவணையில் தேடுவது?

"பொமரேனியன் எத்தனை கிலோ இருக்கணும்?" என்று தேடினால் அமெரிக்கக் கெனல் கிளப்பின் அளவு வரும்: 3 முதல் 7 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 3.2 கிலோ. மணலி நாயை அதோடு ஒப்பிட்டால் நெஞ்சு பதறும். பதற வேண்டாம். நம் ஊரில் பொமரேனியன் என்று அழைப்பவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வெளிநாட்டு நாய்கள் இறக்குமதியாவது அரிதாக இருந்த காலத்தில் இந்த ஊர் வெயிலுக்குப் பழகி வீடு வீடாகப் பரவிய ஜாதி. 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் வரும் டஃபியும் இதே ஜாதிதான். சின்ன வகையே ஐந்து, ஆறு, ஏழு கிலோ இருக்கும். நாட்டு நாயோடு கலந்தது என்றால் எந்த அட்டவணையும் பொருந்தாது.

ஆகவே ஜாதிப் பெயரை வைத்து எடை தேடுவதை விட்டுவிட்டு நாயின் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதே சரி. 1997இல் லாஃப்லாம் என்ற ஆய்வாளர் நாய்களுக்கு 1 முதல் 9 வரை உடல்நிலை மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டார். உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கம் அதையே பரிந்துரைக்கிறது. 4 அல்லது 5 சரியான உடம்பு. 5க்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் பத்து சதவீதம் கூடுதல் எடை என்று கொள்ளலாம்.

▣ பெட்டிச் செய்தி: கையால் எடை பார்க்கும் முறை

முடி அடர்ந்த நாயைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. தொட வேண்டும்.

விலா: இரண்டு கட்டைவிரலையும் முதுகுத்தண்டில் வைத்து, மற்ற விரல்களால் விலாவை லேசாகத் தடவுங்கள். அழுத்தாமலே ஒவ்வொரு எலும்பும் தட்டுப்பட்டால் நல்லது. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது. எலும்பு கையில் குத்தினால் மெலிவு.

இடுப்பு: மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் உள்வளைவு தெரிய வேண்டும். குளிப்பாட்டி முடி நனைந்திருக்கும்போது பார்ப்பது சுலபம்.

வயிறு: பக்கத்திலிருந்து பார்த்தால் மார்பைவிட வயிறு மேலே ஏறியிருக்க வேண்டும். நேர்கோடாகவோ தொங்கியோ இருந்தால் குறைக்க வேண்டும்.

தொடை: உடைந்த காலின் சதையையும் நல்ல காலின் சதையையும் தையல் டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். எடை பார்ப்பதைப் போலவே இதுவும் முக்கியம்.

காயலான் கடைத் தராசில் நின்ற நாய்க்கு விலா அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது. இடுப்பு வளைவு இல்லை. மதிப்பெண் 7. இருபது சதவீதம் கூடுதல் என்று வைத்தால், 7.7ஐ 1.2ஆல் வகுக்க 6.4 கிலோ வருகிறது. அதுதான் அதன் இலக்கு. குறைக்க வேண்டியது 1 கிலோ 300 கிராம்.

ஒரு கிலோவில் என்ன வந்துவிடும்?

என்னவெல்லாம் வரும் என்று பார்ப்போம். அறுபது கிலோ மனிதர் தினமும் பன்னிரண்டு கிலோ அரிசி மூட்டையைச் சுமந்தபடியே எழுந்து, நடந்து, படியேறி, தூங்குவதாக எண்ணிப் பாருங்கள்; அதுவும் ஒருமுறை உடைந்து சேர்ந்த காலோடு. இந்தச் சின்ன நாய்க்கு அந்த 1.3 கிலோ அதே விகிதம்தான்.

நாயின் உடல் எடையில் சுமார் அறுபது சதவீதத்தை முன்னங்கால்களும் நாற்பது சதவீதத்தைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. முன்னங்கால் உடைந்த நாய் நிற்கும்போதே பாரத்தை மறு காலுக்கும் பின்பக்கத்துக்கும் தள்ளிவிடுகிறது. எலும்பு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தால் மணிக்கட்டிலும் முழங்கையிலும் பாரம் ஒரு பக்கமாகவே விழுந்து மூட்டுக் குருத்தெலும்பு தேய்கிறது. பின்னங்கால் உடைந்திருந்தால் எதிர்க்கால் முழங்கால் கூடுதல் வேலை பார்க்கிறது. சின்ன ஜாதிகளுக்கு முழங்கால் சில்லு நழுவும் கோளாறு ஏற்கெனவே அதிகம். உடம்பு பெருத்தால் அங்குள்ள தசைநார் அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. ஒரு காலுக்கு வைத்தியம் பார்த்து முடித்த வீடு, இரண்டாவது காலோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது இப்படித்தான்.

கொழுப்பு சும்மா கிடக்கிற சுமையும் அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது ரத்தத்தில் சுரந்துகொண்டே இருக்கிறது. மூட்டுவலி உள்ள நாய்க்கு இது இரட்டை அடி.

இதற்கு நேர்மாறான நல்ல செய்தியும் ஆய்வுகளில் இருக்கிறது. 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். அதிகம் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு. குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் இவற்றுக்குத் தள்ளிப்போனது. பெரிய ஜாதி நாய்களில் செய்த ஆய்வுதான். ஆனாலும் பாரமும் மூட்டும் எல்லா நாய்க்கும் பொது.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது 2010இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய, உடல் பருத்த 14 நாய்களைப் பதினாறு வாரம் எடை குறைக்கவைத்தார்கள். உடல் எடையில் ஆறு சதவீதம் குறைந்ததுமே நொண்டுவது குறையத் தொடங்கியது தெரிந்தது. மணலி நாயின் 7.7 கிலோவில் ஆறு சதவீதம் எவ்வளவு? 460 கிராம். ஏறக்குறைய அரைக் கிலோ.

அந்த அரைக் கிலோ கூடும்போது வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. புசுபுசு முடி மறைத்துவிடுகிறது. குறையும்போது நாய்க்குத் தெரிகிறது. ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த வீட்டில், காசே செலவாகாமல் கிடைக்கும் வைத்தியம் இது. இதைப் பிளேட் வைத்த அன்றே, மருந்துச் சீட்டின் முதல் வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

▣ பெட்டிச் செய்தி: தட்டில் விழும் கணக்கு

எடை குறைக்கும் நாயின் ஒரு நாள் தேவையைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: இலக்கு எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்க வேண்டும். 6.4 கிலோவுக்கு இது சுமார் 280 கலோரி.

வீட்டில் நடப்பது (எல்லாம் தோராயம்): காலையில் 100 மில்லி பால் 65 கலோரி, இரண்டு மாரி பிஸ்கட் 50, மதியம் 100 கிராம் தயிர்சாதம் 100, சாயங்காலம் ஒரு இட்லி 50, ராத்திரி கறிச்சாறு பிசைந்த சோறு 150 கிராம் 220. மொத்தம் 485.

நடக்க வேண்டியது: கடையில் வாங்கும் உலர் தீனி என்றால் நாளுக்கு சுமார் 75 கிராம், இரண்டு வேளையாக. அதுவே முழுச் சாப்பாடு. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கலோரியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். தின்பண்டம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த நாய்க்கு அது நாளுக்கு ஒரே ஒரு மாரி பிஸ்கட். அந்த நாளில் தீனியையும் அதற்கேற்ப ஒரு பிடி குறைக்க வேண்டும்.

பட்டினி போடச் சொல்லவில்லை

கணக்கைப் பார்த்ததும் மறுநாளே தட்டைப் பாதியாக்கும் வீடுகளும் உண்டு. அது தவறு. உடைந்த காலில் சதை ஏற்கெனவே வற்றிப்போயிருக்கிறது. பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் கரையும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பது சதைதான். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைந்தால் போதும். நம் நாய்க்கு அது 75 முதல் 150 கிராம். மூன்று மாதத்தில் இலக்கை எட்டிவிடும்.

குறைக்க வேண்டியது சோறும் கொழுப்பும் இனிப்பும். புரதத்தைக் குறைக்கக் கூடாது. தோல் நீக்கி வேகவைத்த கோழி, முட்டை வெள்ளைக்கரு, காசிமேட்டிலிருந்து வரும் சின்ன மீனை வேகவைத்து முள் நீக்கியது ஆகியவை நல்லவை. சோற்றில் பாதியை எடுத்துவிட்டு வேகவைத்த பரங்கிக்காய், பீன்ஸ், கேரட் சேர்த்தால் வயிறு நிறையும், கலோரி ஏறாது. ஆனால் வீட்டுச் சமையலை மட்டுமே மாதக்கணக்கில் கொடுப்பதென்றால் தாதுச்சத்து விட்டுப்போகும். மருத்துவரிடம் கேட்டுச் சமன் செய்ய வேண்டும். பிரியாணி மிச்சமும் சாம்பார் சாதமும் கூடவே கூடாது. எண்ணெய் ஒரு பக்கம் இருக்கட்டும், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும் கை துறுதுறுக்கும். இதற்கு ஒரு வழி: காலையிலேயே அன்றைய முழுத் தீனியையும் ஒரு டப்பாவில் நிறுத்து வைத்துவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். ஆயாவும் கொடுக்கலாம், பையனும் கொடுக்கலாம். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மணலியில் எங்கே நடப்பது?

நாயை நடத்துங்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் கடும் மாசுத் தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. பிரதான சாலையில் டிரைலர், உட்தெருவில் தெருநாய்க் கூட்டம், பகலில் கால் சுடும் தார். வடசென்னைவாசி நாயை நடத்தவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

இருக்கும் இடத்தில் செய்யக்கூடியது உண்டு. விடியற்காலை ஆறு மணிக்குள் சொந்தத் தெருவில் வாரோடு பத்து நிமிடம், சாயங்காலம் வெயில் தணிந்து பத்து நிமிடம். மெதுவாக நடந்தால்தான் உடைந்த காலையும் ஊன்றும். ஓடினால் மூன்று காலில் தாவிவிடும். ஊன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். பந்தை எறிந்து துரத்தவிடுவதும் மாடிப்படியில் ஏற்றி இறக்குவதும் வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை நல்லது.

வீட்டுக்குள் டைல்ஸ் தரை பெரிய எதிரி. வழுக்கும் ஒவ்வொரு முறையும் பழைய முறிவின் மேல் திருகல் விழுகிறது. நாய் நடமாடும் வழியில் ரப்பர் பாய் போடுங்கள். பாதத்துக்கு அடியில் வளரும் முடியையும் நீண்ட நகத்தையும் வெட்டிவிடுங்கள். கட்டிலில் ஏறும் பழக்கம் இருந்தால் பக்கத்தில் ஒரு தாழ்வான பலகைப்படி வைத்துவிடுங்கள்.

மாத்திரை டப்பாவைத் தொடாதீர்கள்

மழைக்காலத்தில் நாய் எழுந்திருக்கத் திணறும்போது, ஆயாவின் மூட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். பாராசிட்டமாலும் அளவு தவறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஆறு கிலோ உடம்புக்கு மனித மாத்திரையில் 'பாதி' என்பது பெரிய அளவு. நாய்க்கென்றே வலி மருந்துகள் உண்டு. அவற்றையும் மருத்துவர் எடை பார்த்துத்தான் எழுத வேண்டும்.

2025இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று கெடுபிடி காட்டியபோது, வெறிநோய்த் தடுப்பூசிக்காகவே பல நாய்கள் நீண்ட நாளுக்குப் பிறகு மருத்துவர் முன்னால் போய் நின்றன. ஊசிக்குப் போகும் அந்த நாளில் எடையையும் உடல்நிலை மதிப்பெண்ணையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப் போங்கள். இடைப்பட்ட நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில், சாப்பாட்டுக்கு முன்னால் நிறுத்தால் போதும். காயலான் கடைத் தராசும் அதற்குப் பொருந்தும்.

சாப்பாட்டை ஒழுங்காகக் குறைத்தும் ஆறு வாரத்தில் எடை இறங்கவில்லை என்றால் தைராய்டு குறைவோ அட்ரினல் சுரப்பிக் கோளாறோ இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும். மாறாக, ஒன்றும் செய்யாமலே எடை மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். அது உடம்பை உருக்கும், மூட்டையும் வலிக்கவைக்கும். நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென்று பழைய காலைத் தூக்கிக்கொண்டாலும், பிளேட் வைத்த இடம் சூடாகவோ வீங்கியோ இருந்தாலும், சீழ் கசிந்தாலும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

இலக்கு எடை வந்ததும் பழைய தட்டுக்குத் திரும்பினால் மூன்று மாத உழைப்பு ஒரே பண்டிகை சீசனில் போய்விடும். தீனியை அப்போதைய அளவிலிருந்து பத்து சதவீதம் மட்டும் கூட்டி, இரண்டு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்து, எடை இன்னும் இறங்கினால் மேலும் ஒரு பிடி சேர்த்து, எங்கே நிலைக்கிறதோ அந்த அளவை டப்பாவின் மூடியில் மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள்.